மோட்டாருக்குக் கயிறு மாற்றிய சேக் இஸ்மாயில்

மதுரை மேலவெளி வீதியில் மோட்டார் விற்ற மகான்களின் சரித்திரம் இன்னும் எழுதப்படவில்லை. எழுதினாலும் அதில் சேக் இஸ்மாயிலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவார்களா என்பது சந்தேகம்தான். முதல் மூன்று வருஷத்தில் அவர் விற்றது இரண்டே இரண்டு கார். அதே மூன்று வருஷத்தில் அவர் வாடிக்கைக்காரர்களுக்கு வாங்கிக் கொடுத்த நன்னாரி சர்பத்தை மொத்தமாகக் கொண்டுபோய் ஊற்றினால் தெப்பக்குளத்தில் முழங்கால் அளவுக்கு நிற்கும் என்று அவருடைய முதலாளி சொல்வார். முதலாளி எதையும் குறைத்துச் சொல்லும் பழக்கம் இல்லாதவர்.

இஸ்மாயில் பிறந்தது காஜிமார் தெருவில், தொப்பிக் கடைக் குடும்பத்தில். குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பி, வெள்ளைத் துணித் தொப்பி, மாப்பிள்ளைக்கான ஜரிகைத் தொப்பி எல்லாம் அங்கே கிடைக்கும். அண்ணன் உமர் பாரூக் கல்லாவில் இருப்பார். தம்பி ஒரு முக்காலியில் அமர்ந்து வருகிறவர் தலையை நாடாவால் அளப்பார். பத்து வருஷம் தலை அளந்ததில் இஸ்மாயிலுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. தொப்பிக்குத் தகுந்தாற்போல் தலையைச் செதுக்க முடியாது. தலைக்குத் தகுந்த தொப்பியைத்தான் தேட வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் மூழ்கிப்போன வியாபாரிகள் மாசி வீதிகளில் மட்டுமே எத்தனையோ பேர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில், ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் தென்பாண்டி மோட்டார் கம்பெனி திறந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுப்பு மோட்டார் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையைப்போல ஒன்றும் பேசாமல் நின்றது. இஸ்மாயில் அதைப் பார்த்தார். அடுத்த வாரமே கடை முக்காலியை விட்டு எழுந்து கம்பெனியில் சேர்ந்துவிட்டார். ஓட்டவும் கற்றுக்கொண்டார். "தொப்பிய வித்தா தலையில வச்சுக்கிட்டுப் போவான். மோட்டார வித்தா அவன் நம்ம தலையிலல்ல வந்து உக்காருவான்" என்றார் உமர் பாரூக். அண்ணனுடைய தீர்க்கதரிசனம் பலித்தது, ஆனால் தலைகீழாக.

ஏனென்றால், இஸ்மாயில் வாடிக்கைக்காரர்களைக் கவனித்த விதம் அப்படி. உள்ளே வந்தவரிடம் "வாங்குங்க" என்று சொல்லமாட்டார், "பாருங்க" என்பார். முதலில் நாற்காலி, பிறகு சர்பத், அதன் பிறகு வண்டியின் குறைகள். ஆம், குறைகள்தான். மழையில் நனைந்தால் முணுமுணுக்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும், சூடானால் தண்ணீர் கேட்கும் என்று பெண் பார்க்க வந்தவரிடம் பெண்ணின் தகப்பனே நோய் நொடிகளை ஒப்பிப்பதுபோல ஒப்பிப்பார். இவ்வளவையும் கேட்ட பிறகும் தப்பியோடாமல் வாங்கிய வீரர்கள் இருவர்: ஒரு வக்கீல், ஒரு பஞ்சு வியாபாரி. அவர்களையும் அவர் சும்மா விடவில்லை. சனிக்கிழமை தவறாமல் அவர்கள் வீட்டுக்குப் போய்க் காரை நலம் விசாரிப்பார். வீட்டுக்காரர்களை விசாரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இருபத்தெட்டாம் வருஷம் வைகாசியில் முதலாளியின் பொறுமை தீர்ந்தது.

"ஏய்யா இஸ்மாயிலு, ஆடி பொறக்குறதுக்குள்ள மூணாவது கார் போகணும். போகலேன்னா நீ போகணும். தெளிவாச் சொல்லிட்டேன்."

"தெளிவா இருக்கு மொதலாளி."

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி ஜெயினம்பு, "தொப்பிக் கடை இருக்குல்ல, பட்டினியா கெடக்கப் போறோம்?" என்றாள். பயமே அதுதான். அண்ணன் அந்தப் பழைய முக்காலியை மூன்று வருஷமாக வேறு யாருக்கும் கொடுக்காமல், தினமும் தூசி தட்டி, தம்பிக்காக வைத்திருந்தார். விரோதியாக இருந்தால் எதிர்த்து நிற்கலாம். பாசத்தோடு துடைத்து வைத்த முக்காலியை என்ன செய்வது? ஒருமுறை அதில் திரும்ப உட்கார்ந்தால் ஆயுசுக்கும் தலைதான் அளக்க வேண்டும் என்று இஸ்மாயிலுக்குத் தெரியும்.

ஆனி முடிய ஒரு வாரம் இருந்தபோது விருமாண்டி வந்தார்.

செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பருத்தியும் சோளமும் போடுகிற சம்சாரி அவர். அந்த வருஷம் பருத்தி நன்றாகக் கண் திறந்திருந்தது. மகள் தங்கப்பொண்ணுக்குத் திருமங்கலத்தில் மாப்பிள்ளை. பரிசம் போட்ட அன்று சபையில் உற்சாக மிகுதியால், "எம் மக மோட்டார்ல வந்து எறங்குவா" என்று சொல்லிவிட்டார். சபையில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க அந்தப் பக்கத்தில் இன்றுவரை யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

வந்தவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். இஸ்மாயில் வெளியே போய், அந்தச் செருப்பைக் கையில் எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தார்.

"போட்டுக்கங்கண்ணே. நாளைக்கு இதே செருப்போடதான கார்ல ஏறப் போறீக?"

விருமாண்டி செருப்பைப் போட்டுக்கொண்டார். பிறகு, "இதுக்கு முன்னால ஒரு கம்பெனிக்குப் போனேன் பாய். தொடாதேன்னான். தொட்டுப் பாக்காம வாங்குறதுக்கு அது என்ன, கருவறையில இருக்கிற சாமியா?" என்றார்.

"இங்க தொடுங்க, தட்டுங்க, கேளுங்க. சர்பத் குடிங்க."

விருமாண்டி சர்பத்தைக் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்த ஒரே பரீட்சை சந்தையில் மாடு வாங்குகிற பரீட்சை. வண்டியின் விலாவில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். மாட்டின் வாயைப் பிளந்து வயது பார்ப்பதுபோல முன்பக்க மூடியைத் திறக்கச் சொன்னார்.

"எத்தனை பல்லு?"

பட்டறைப் பக்கம் நின்ற பிட்டர் முத்திருளன் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினான். இஸ்மாயில் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"பால் பல்லுண்ணே. இன்னும் ஒண்ணுகூட விழுகல."

"நடக்க விடுங்க, பாப்போம்."

வண்டிக்கு முன்னால் ஹாண்டிலைச் செருகி, நான்கு சுற்றுச் சுற்றி இஸ்மாயில் கிளப்பினார். அந்தக் காலத்து மோட்டாருக்கு அதுதான் திறவுகோல். கை வளைந்த ஓர் இரும்புக் கம்பி. அதை முன்மூக்கில் செருகிச் சுற்றாவிட்டால் எப்பேர்ப்பட்ட வண்டியும் வெறும் தகரப் பெட்டி. ரயில் நிலைய வாசல் வரைக்கும் கார் ஆமை வேகத்தில் போக, விருமாண்டி அதில் ஏற மறுத்து, பக்கத்திலேயே நடந்து, பின்சக்கரங்களைக் குனிந்து பார்த்தபடி வந்தார். ஜட்காக்காரர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள்.

"பின்னங்கால் இழுக்கல" என்று அவர் கடைசியில் தீர்ப்புச் சொன்னார். "ஆனா இடது பக்கம் ஒரு சுழி இருக்கே."

இருந்தது. சக்கரத்துக்கு மேலே வளைந்த தகட்டில், வெயில் பட்டால் வட்டம் வட்டமாக ஒரு மினுமினுப்பு. மாட்டின் உடம்பில் தப்பான இடத்தில் சுழி இருந்தால் வாங்கியவன் குடும்பத்துக்கு ஆகாது.

"அது துணிய வட்டமாப் போட்டுத் துடைச்ச தடம்ணே. நாளைக்கு வாங்க, நேராத் துடைச்சு வைக்கிறோம்."

மறுநாள் முழுக்க முத்திருளன் முணுமுணுத்துக்கொண்டே அந்தத் தகட்டை மேலிருந்து கீழாகத் தேய்த்தான். விருமாண்டி வந்து, சுழி மறைந்ததைப் பார்த்துத் திகைத்து நின்றார். "சுழியவே அழிச்சுப்புட்டீகளே! இனி உங்க ஊர்ல மாடு வாங்க யோசிக்கணும் போலருக்கு" என்றார். பிறகு இஸ்மாயில் வழக்கப்படி குறைகளைச் சொன்னார். மழை, ஏற்றம், தாகம்.

"இம்புட்டுக் குறையவும் நீங்களே சொல்றீகளே பாய்?"

"நான் சொல்லலேன்னா நாளைக்கு நடுரோட்டுல அதுவே சொல்லும்ணே. அதுக்கு முந்தி நான் சொல்லிட்டா மரியாதை."

விலை சுவரில் பெரிய எழுத்தில் பலகை போட்டுத் தொங்கியது. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் வீதியிலிருந்தே வாசிக்கலாம். ஆனாலும் விருமாண்டி துண்டை உதறி விரித்தார். இஸ்மாயில் தம் கையை அதற்கடியில் கொடுத்தார். சந்தையில் மாட்டுத் தரகர்கள் செய்வதுபோல விரல்கள் இருட்டில் ஒன்றையொன்று பிடித்து, நெரித்து, மறுத்து, கெஞ்சி, கால் மணி நேரம் ரகசியம் பேசின. முடிவில் பலகையில் இருந்த விலைக்கே பேரம் படிந்தது. இருவருக்கும் பரம திருப்தி. அதோடு சனிக்கிழமை தவறாமல் தாமே ஊருக்கு வந்து வண்டியைப் பார்ப்பதாகவும் இஸ்மாயில் கையடித்துக் கொடுத்தார்.

"புதன்கிழமை முகூர்த்தம். பிள்ளைய ஏத்தி அனுப்பிட்டு, வந்து பணத்த எண்ணி வைக்கிறேன். அதுக்குள்ள வண்டி சண்டித்தனம் பண்ணுச்சுன்னா திருப்பி ஓட்டிட்டு வந்துருவேன். சம்மதமா?"

மாட்டுக்கு உள்ள அதே ஏற்பாடு. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். ஆடிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

திங்கட்கிழமை காலை நல்ல நேரத்தில் விருமாண்டி வந்தார். கூடவே அவர் மனைவி ரெங்கம்மாள். அந்த அம்மாள் கையில் மஞ்சள் தடவிய புதுக் கயிறு ஒன்று இருந்தது.

"கயித்த மாத்துங்க பாய்" என்றாள்.

இஸ்மாயிலுக்குப் புரியவில்லை. விருமாண்டி விளக்கினார். மாடு விற்கிறவன் மாட்டைத்தான் கொடுப்பான், கயிற்றைக் கொடுக்கமாட்டான். பழைய கயிற்றை அவிழ்த்துத் தானே வைத்துக்கொள்வான். வாங்குகிறவன் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிப்போவான். கயிற்றையும் சேர்த்துக் கொடுத்தால் விற்றவன் தொழுவத்து லட்சுமி போய்விடும். வாங்கியவனிடத்தில் மாடும் தங்காது.

"கார்ல கயிறு ஏது அக்கா?" என்றார் இஸ்மாயில்.

"எதப் புடிச்சு அத நடத்துவீக? அதுதான் கயிறு. அத மாத்தாம நான் ஏறமாட்டேன். எம் மகளையும் ஏத்தமாட்டேன்."

முதலாளி உள்ளிருந்து கையைப் பிசைந்தார். முத்திருளன் இந்த முறை சிரிக்கவில்லை. அவனும் அந்தப் பக்கத்துக்காரன்தான். இஸ்மாயில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தலைக்கு ஏற்ற தொப்பியைத் தேடிய பத்து வருஷப் பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது. ஹாண்டிலைச் செருகிச் சுற்றினார். வண்டி கிளம்பியது. ஹாண்டிலை உருவி, தம் அங்கவஸ்திரத்தில் பயபக்தியோடு சுருட்டி, ரெங்கம்மாள் கண் முன்னாலேயே சுவரில் ஓர் ஆணியில் மாட்டினார்.

"இதுதான்க்கா பழைய கயிறு. இது எங்க தொழுவத்துலயே இருக்கட்டும்."

ரெங்கம்மாளுக்கு மனம் நிறைந்துவிட்டது. புதுக் கயிற்றை வண்டியின் முன்விளக்குகளுக்கு நடுவே கட்டி, எலுமிச்சம்பழம் சுற்றி எறிந்து, பின்னால் ஏறி அமர்ந்தாள். இஸ்மாயில் ஓட்ட, வண்டி ஆரப்பாளையம் தாண்டி, புழுதி கிளப்பிக்கொண்டு மேற்கே போனது. வாழ்நாளில் அவர் அனுபவித்த இன்பப் பயணங்களில் அதுவே தலையாயது. வழியெல்லாம் ஏர் நின்றது. கிணற்றில் கவலை இறைத்தவர்கள் மாட்டை நிறுத்தினார்கள். ஊருக்குள் போய், வீட்டு வாசலில் பந்தலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

அணைத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

பந்தலில் இருந்த உறவுக்காரர்கள், "ஒருவாட்டி சத்தம் போடச் சொல்லுங்க பாய்" என்றார்கள். ரெங்கம்மாள் கொடுத்திருந்த மோரை இஸ்மாயில் கீழே வைத்தார். வண்டியைக் கிளப்பும் சாமான் பதினைந்து மைலுக்கு அப்பால் மதுரையில் ஆணியில் தொங்குகிறது.

"ஒண்ணும் இல்லண்ணே. பஸ்ஸுல போயி அந்த ஹாண்டில எடுத்துட்டு வந்துர்றேன்" என்றார் மெதுவாக.

"எது? ஆணியில மாட்டுனதையா?" என்று ரெங்கம்மாள் எழுந்து வந்தாள். "விட்ட கயித்தத் திருப்பி வாங்கிட்டு வந்தா என் வீடு வெளங்குமா? மணவறையில ஒக்கார வேண்டிய பிள்ள பாய்! வேற புதுசு கொண்டாங்க. இல்லேன்னா வண்டிய நீங்களே உருட்டிட்டுப் போங்க."

விருமாண்டி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "திருமங்கலத்துல அம்புட்டுப் பேரும் ரோட்டப் பாத்துக்கிட்டு நிப்பாக பாய்."

"புதன்கிழமை காலையில வண்டி கெளம்பும்ணே. புதுக் கயித்தோட வாரேன்" என்றார் இஸ்மாயில். வேறு என்ன சொல்வது?

மதுரைக்குத் திரும்பியதும் விசாரித்தார். ஹாண்டில் சென்னையிலிருந்து வர வேண்டும். குறைந்தது ஐந்து நாள்.

முத்திருளன்தான் முதலில் வழி சொன்னான். "இதுக்கா மண்டைய ஒடைக்கிறீக? அதே ஹாண்டில மண்ணெண்ணெயில கழுவி, கறுப்புச் சாயத்த அடிச்சு, புதுசுன்னு குடுத்துருங்க. இரும்புக்கு எவன் ஜாதகம் பாத்தான்?"

முதலாளிக்கு இது மிகப் பிரமாதமான யோசனையாகப் பட்டது. "ஆகா! அடிடா சாயத்த!"

"வேணாம் மொதலாளி" என்றார் இஸ்மாயில்.

"ஏன் வேணாம்?"

"அந்தம்மா முன்னாடி ஆணியில மாட்டி, இங்கயே இருக்கட்டும்னு சொன்னேன். அத நம்பித்தான் வண்டியில ஏறுச்சு."

"நீ நம்புறியாய்யா அந்தக் கயித்து விவகாரத்த?"

"நான் நம்பல. ஆனா அவுங்க என்னைய நம்பிட்டாங்க."

முதலாளி எழுந்து நின்றார். இந்த ஒரு கார் போனால் ஆடியில் சம்பளம் கொடுக்கலாம், வாடகை கொடுக்கலாம் என்று அவரும் கணக்குப் போட்டிருந்தார். "சாயம் அடிச்சுக் கொண்டுபோறதா இருந்தா போ. இல்லேன்னா நாளையிலேருந்து இங்க வராத. சர்பத் மிச்சம்."

இஸ்மாயில் ஆணியில் தொங்கியதை எடுத்து, ஒரு காகிதத்தில் வைத்து அதன் வளைவை வரைந்துகொண்டார். திரும்ப ஆணியிலேயே மாட்டினார். சலாம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வீதி முனையில் பின்னாலிருந்து குரல் கேட்டது. முத்திருளன் ஓடிவந்தான். "நில்லுங்க பாய். காகிதத்த வச்சு எந்தக் கொல்லன் அடிப்பான்? பல்லு எம்புட்டு ஆழம், தடி எம்புட்டு, எதுவும் அதுல இல்ல. எனக்கு மனசுல இருக்கு. எங்க மச்சினன் ஒலைப் பட்டறை வச்சிருக்கான், வாங்க."

செவ்வாய்க்கிழமை பொழுது முழுவதும் தெற்குவெளி வீதிப் பட்டறையில் போயிற்று. வண்டிக்குக் கடையாணியும் ஏருக்குக் கொழுவும் அடித்துப் பழகிய அந்தக் கொல்லர், மோட்டாரின் மூக்குக்குள் போகிற பொருளை அன்றுதான் கண்டார். முதலாவது தடித்துப் போயிற்று. இரண்டாவதில் வளைவு தவறியது. மூன்றாவதைப் பார்த்து முத்திருளன், "ஜோடிப் பொருத்தம் பத்துல எட்டு" என்றான். இஸ்மாயில் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தார். வேலை போன மனிதர் வேலையாகப் போன விசித்திரம் அது.

புதன்கிழமை விடியற்காலையில் தங்கப்பொண்ணு பட்டும் மாலையுமாகப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஊரே சுற்றி நின்றது. ரெங்கம்மாள் ஹாண்டிலைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுத்தியல் அடித்த தடம் இன்னும் அதில் மங்காமல் இருந்தது. கண்ணில் ஒற்றிக் கொடுத்தாள்.

இஸ்மாயில் செருகிச் சுற்றினார். சத்தம் இல்லை. இன்னொரு சுற்று. வண்டி இருமிவிட்டு நின்றது. மூன்றாவது சுற்றில் ஹாண்டில் எதிர்த்தடித்து அவர் மணிக்கட்டைப் பதம் பார்த்தது. கூட்டத்தில் ஒருவர், "மூக்கணாங்கயிறு குத்துனா எந்த மாடும் அப்படித்தான் சிலுப்பும். விடாதீக பாய்!" என்று தைரியம் சொன்னார். பிஸ்மில்லா சொல்லி, வலது கையை உதறி, இடது கையால் பிடித்து ஒரே சுழற்று. எஞ்சின் கனைத்துக்கொண்டு எழுந்தது. குலவைச் சத்தத்தில் அதன் சத்தமே கேட்கவில்லை.

வலியோடு திருமங்கலம் வரை ஓட்டினார். மோட்டாரில் வந்து இறங்கினாள் தங்கப்பொண்ணு. சபையில் சொன்ன சொல் நின்றது. விருமாண்டியின் மருமகன் மோட்டார் ஓட்டத் தெரிந்தவர்தான். புறப்படும்போது அவருக்கு அந்தப் புது ஹாண்டில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பணத்தைக் கம்பெனியில் கட்டிவிடுங்கள் என்று மட்டும் விருமாண்டியிடம் சொல்லிவிட்டு வந்தார். தமக்கு அங்கே இப்போது வேலை இல்லை என்பதைச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் எதற்கு அந்தப் பேச்சு?

வியாழக்கிழமை காலை, மணிக்கட்டில் கட்டோடு தொப்பிக் கடைக்குப் போனார். அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். முக்காலியை ஒருமுறை துண்டால் தட்டி, "உக்காரு தம்பி" என்றார். இஸ்மாயில் உட்கார்ந்தார். மூன்று தலை அளந்தார். மூன்றாவது தலையில் நாடா இருந்தபோது தெருவில் ஹாரன் அலறியது.

காஜிமார் தெருவின் அகலம் எல்லாருக்கும் தெரியும். அதற்குள் கறுப்பு மோட்டார் ஒன்று இரண்டு பக்கத்து வாசற்படிகளையும் பதம் பார்க்காமல் நுழைந்து நின்றது. ஓட்டி வந்தவர் மருமகன். விருமாண்டி இறங்கினார். கூடவே திருமங்கலத்துச் சம்பந்தி சிவனாண்டி.

"மோட்டார்க் கம்பெனிக்குப் போயி பணத்த எண்ணி வச்சோம் பாய். மொதலாளியே எந்திரிச்சு நாற்காலி போட்டாரு. பாய் எங்கன்னு கேட்டேன். லீவுன்னாரு. அந்தப் பிட்டரு கண்ணக் காட்டி, தொப்பிக் கடையில இருப்பாருன்னான், வந்துட்டோம்" என்றார் விருமாண்டி. "சம்பந்திக்கும் ஒரு கார் வேணுமாம். மருமக மோட்டார்ல வாரப்ப மாமனார் மாட்டு வண்டியில போனா நல்லா இருக்காதுல்ல?"

"நான் இப்ப அங்க இல்லண்ணே."

"அப்ப இங்க விலை பேசுவோம்" என்று சிவனாண்டி துண்டை உதறினார்.

"இது தொப்பிக் கடைண்ணே!"

"இருக்கட்டுமே. கார எங்க வித்தா என்ன? குறைய எல்லாம் சொல்வீகளாமே, சொல்லுங்க கேப்போம்."

அப்போது ஒரு ஜட்கா வந்து நின்றது. அதிலிருந்து முதலாளி இறங்கினார். வேர்த்திருந்தார். உட்கார இடம் தேடினார். இஸ்மாயில் எழுந்து நிற்க, காலியாக இருந்தது அந்த முக்காலி ஒன்றுதான். அதில் அமர்ந்தார். மழைக்கு முணுமுணுப்பதிலிருந்து சூட்டில் தண்ணீர் கேட்பது வரை தம் கம்பெனிச் சரக்கின் எல்லாக் குறைகளையும் முழுசாக அன்றுதான் அவர் கேட்டார். ஒவ்வொரு குறைக்கும் சிவனாண்டி, "பரவால்ல" என்று தலையாட்டுவதையும் கண்டார். துண்டுக்கடியில் விரல் பேச்சு முடிந்தது. உமர் பாரூக் எல்லாருக்கும் சர்பத் வரவழைத்தார். முதலாளியும் குடித்தார்.

"இம்புட்டு நேரம் முக்காலியில உக்காந்துட்டு ஒரு தொப்பியாச்சும் வாங்காமப் போனா எப்படி மொதலாளி?" என்றார் உமர் பாரூக். முதலாளி ஒரு தொப்பி வாங்கினார். சமையற்காரருக்கு என்று சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு பதின்மூன்று வருஷம் சேக் இஸ்மாயில் அந்தக் கம்பெனியில் கார் விற்றார். மேற்குச் சீமையில் வாங்கியவர்கள் எல்லாரும் புதுக் கயிற்றோடு வந்தார்கள். காருக்கு இரண்டு ஹாண்டில் என்று சென்னைக்கு ஆர்டர் போனது. மதுரையில் எந்தத் தட்பவெப்பத்தால் ஹாண்டில் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்று சென்னைக்காரர்கள் கடிதம் எழுதிக் கேட்டார்கள். முதலாளி, "வெயில்" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டார். பிறகு யுத்தம் வந்தது. புது வண்டி வருவது நின்றது. பெட்ரோலுக்குச் சீட்டு வந்தது. கம்பெனிக் கதவில் பூட்டுத் தொங்கியது. இஸ்மாயில் தொப்பிக் கடைக்கே திரும்பினார். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. வேலை ஓய்ந்த மத்தியானங்களில் அவர் எண்ணிப் பார்ப்பது, விற்ற கார்களை அல்ல. அந்த வியாழக்கிழமை காஜிமார் தெருவிலிருந்து மேலவெளி வீதி வரைக்கும் முதலாளியோடு நடந்த நடைதான் திரும்பத் திரும்ப வரும். ஜட்காவை அனுப்பிவிட்டு, தொப்பிப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வா, நடந்தே போவோம்" என்று முதலாளி கூப்பிட்டார். அதற்கு மேல் ஒரு சமாதானமும் அவர் சொல்லவில்லை.

பாதி தூரத்தில், ரயில் கூவியதும் முதலாளி கேட்டார்:

"ஏய்யா, அன்னைக்குச் சாயத்த அடிச்சிருந்தா யாருக்குய்யா தெரிஞ்சிருக்கும்?"

"எனக்குத் தெரிஞ்சிருக்கும் மொதலாளி. சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை அந்த ஊருக்கு வாரேன்னு கையடிச்சுக் குடுத்துருக்கேன். அந்தம்மா மோர் குடுக்கும். அத எப்படி வாங்கிக் குடிக்கிறது?"

முதலாளி தொப்பிப் பொட்டலத்தை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"மோரு நல்லாருக்குமா?"

"ரொம்ப நல்லாருக்கும் மொதலாளி. கருவேப்பிலை போட்டு, கெட்டியா."

"சனிக்கெழமை எத்தனை மணிக்குப் பஸ்ஸு?" என்று கேட்டார் முதலாளி.